அரங்கு என்பது உள்ளறை

எங்கள் வீட்டில் அரங்கு என்றால் உள்ளறை. படிப்புரை, பட்டாசாலை எல்லாம் தாண்டி, பகலிலும் விளக்கோடு நுழைய வேண்டிய அறை. நெல்லும் புளியும் கருப்பட்டியும் பழைய பித்தளைப் பாத்திரங்களும் சேர்ந்து அதற்குள் ஒரே வாசனையாகக் கிடக்கும். நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் இன்றைக்கும் ஆச்சிமார் ‘அரங்குல கெடக்கு, எடுத்துட்டு வா’ என்றுதான் சொல்வார்கள். பதினாலு வயது வரை எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தெரியாது. அதனால் பாட்டா ஒருநாள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “ஒன்ன ஒரு நா அரங்கேத்தணும்லே மக்கா” என்று சொன்னபோது, ஏதோ தப்புக்காக என்னை உள்ளறையில் போட்டுப் பூட்டப் போகிறார் என்றே நினைத்தேன். அன்றைக்கு நான் தப்பும் செய்திருந்தேன்.

1989 நவம்பர் 15. கராச்சியில் சச்சின் டெண்டுல்கர் என்ற பதினாறு வயதுப் பையன் முதன்முதலாக டெஸ்ட் ஆட இறங்கினான். மறுநாள் எங்கள் பள்ளிக்கூடப் பிரேயரில் ஆங்கிலச் செய்தி வாசிக்கும் முறை எனக்கு. நூலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து நாலு வரி எழுதி எடுத்துக்கொண்டு மைக்கின் முன் நின்றேன். மூன்று வரி தப்பில்லாமல் போயிற்று. நாலாவது வரியில் அந்தப் பையன் தன்னுடைய ‘டெபுட்’டைச் செய்தான் என்று கணீரென்று படித்தேன். பின்னால் நின்ற சார் ஒருவர் சிரித்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சிரிப்பு மைதானம் முழுக்கக் கேட்டது. முதலில் ஒன்றும் விளங்காமல் நின்ற பையன்களுக்கும் சார் சிரிப்பதால் சிரிக்க வேண்டும் என்பது விளங்கிவிட்டது. அவர் என்னை விலக்கிவிட்டு மைக்கில் ‘டெய்ப்யூ’ என்று மூன்று முறை சொல்லிக் காட்டினார். அன்று மத்தியானமே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. “எலே டெபுட்டு!”

சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிப்புரையில் இருந்தேன். பாட்டா மலையாளப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் படித்தது திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடத்தில். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பாட்டாவின் வாசிப்பு மட்டும் சேரவில்லை. தமிழில் கதை கேட்பார், தமிழில் பாடுவார், தமிழில் வைவார். செய்தி மட்டும் மலையாளத்தில் வாசித்தால்தான் அவருக்கு நம்பிக்கை. “ஊரு இங்கண வந்துட்டு, கண்ணு அங்கணயே கெடக்கு” என்று மாமா கேலி செய்வார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அந்த எழவு வார்த்தைக்கு அர்த்தம் என்னலே?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்த சாரும் சொல்லித் தரவில்லை. பாட்டா தன் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைத் தேடி எடுத்து, தலைப்பில் விரல் வைத்து, எழுத்து எழுத்தாக எனக்குக் காட்டினார். அரங்ஙேற்றம். வீட்டில் அம்மைக்காக வாங்கும் தமிழ்ப் பத்திரிகையையும் எடுத்து வரச் சொன்னார். அதில் ‘அறிமுகம்’ என்று போட்டிருந்தது.

“அறிமுகம்னா என்னது? இவன் இன்னாருக்க மருமோன்னு கல்யாண வீட்டுல சொல்லுகது. அரங்கேத்தம்னா அப்பிடியா? சொல்லு பாப்போம். நம்ம வார்த்தைய அவன் எடுத்து வச்சிருக்கான், நாம கீழ போட்டுட்டு நிக்கோம்.” அதற்குப் பிறகுதான் என்னை அரங்கேற்றுவதைப் பற்றிச் சொன்னார். என் பயம் எதற்கென்று தெரிந்ததும்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

டெண்டுல்கர் அந்த ஆட்டத்தில் 15 ரன் எடுத்தான். அவனை போல்டு ஆக்கிய வக்கார் யூனிஸுக்கும் அதுவே முதல் டெஸ்ட். ஒரே மைதானத்தில் இரண்டு அரங்கேற்றம், ஒன்று மற்றதைக் கவிழ்த்தது. மேடையானாலும் மைதானமானாலும் அப்படித்தான்.

பல வருஷம் கழித்து அகராதியைப் புரட்டி அந்த ‘டெபுட்’ என்ற சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தேன். பழைய பகையாளியின் குலம் கோத்திரம் விசாரிக்கிற மாதிரி. பிரெஞ்சுச் சொல். அதற்குள் இருக்கும் ‘பு’ என்பதற்கு இலக்கு என்று பொருள். பந்து உருட்டும் ஆட்டத்திலும் பில்லியர்ட்ஸ் மேசையிலும் முதல் அடி அடித்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு வழங்கிய வார்த்தை, அங்கிருந்து நாடக மேடைக்குப் போய், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது. கடைசி ‘ட்’டை பிரெஞ்சுக்காரன் எழுதுவான், சொல்ல மாட்டான். ஆங்கிலேயனும் அதை அப்படியே வைத்துக்கொண்டான். இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பெண்களை வெள்ளை உடை உடுத்தி, அரண்மனைக்கு அழைத்துப் போய், ராணியின் முன்னால் முழங்கால் மடித்து வணங்க வைக்கும் சடங்கு ஒன்று இருந்தது. அந்தப் பெண்களுக்கு ‘டெபுடான்ட்’ என்று பேர். 1958-இல் அந்தச் சடங்கை எலிசபெத் ராணி நிறுத்திவிட்டார். இதில் ஒரு வேடிக்கை: ‘டெபுடான்ட்’டில் அந்த ‘ட்’ உயிர் பெற்று எழுந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்து மைக்கில் அந்த வார்த்தை வந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

பாட்டா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். வில்லை மண்குடத்தின் கழுத்தில் சேர்த்துக் கட்டி வைக்கோல் புரியில் அமர்த்தியிருப்பார்கள். குடத்தின் வாயில் ஒரு கையால் தட்டையான மட்டை கொண்டு அறைவார். மற்றக் கையின் விரலிடுக்கில் ஒரு செப்புக் காசு. மட்டை ‘பும்’ என்றால் காசு குடத்தின் வயிற்றில் ‘டிங்’ என்னும். அண்ணாவி நடுவில் இருந்து இரண்டு வீசுகோலால் வில்லின் நாணில் அடிக்க, கட்டியிருக்கும் மணிகள் எல்லாம் சிலிர்க்கும். உடுக்கு, தாளம், கட்டை இரண்டு பக்கமும். பாட்டாவின் கைக்கு நடுக்கம் வந்து அவர் குழுவிலிருந்து விலகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காசு மட்டும் மடியில் இருக்கும். வெற்றிலை போடும்போது பாக்குவெட்டியில் தட்டிப் பார்த்துக்கொள்வார்.

கார்த்திகையில் என்னை அண்ணாவியிடம் கொண்டு விட்டார். பங்குனியில் எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடை. அதற்குள் ஒரு துண்டுப் பாட்டாவது நான் தனியே பாட வேண்டும் என்று ஏற்பாடு. வில்லுப்பாட்டுக்கு வரிசை உண்டு. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், பிறகு கதை, முடிவில் வாழி. நாட்டுவளம் பாட எனக்கு ஆசை. வயலும் வாழையும் குளமும் வந்து விழும், ராகத்தை நன்றாக இழுக்கலாம். பாட்டா ஒப்பவில்லை. “இவன் அவையடக்கம் பாடட்டும்” என்றார். ஏன் என்று அண்ணாவி கேட்டதற்கு, “தப்பு வரும் பொறுத்துக்கிடுங்கன்னு பாடுகதுதான அவையடக்கம். அதுல தப்பு வந்தா அதுவும் பொருத்தமாப் போவும்லா” என்றார். அண்ணாவி சிரித்துக்கொண்டு சம்மதித்தார்.

நாலு மாசம் பாடினேன். பாட்டா குறை சொல்ல மாட்டார். பேரப்பிள்ளை பாடுவதில் அவருக்குக் காது மயங்கிவிடும். அண்ணாவி ராகத்தையும் தாளத்தையும் திருத்துவார், வார்த்தையில் கவனம் இல்லை. கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது பாட்டா என்னிடம், “பெரியாச்சிக்கிட்ட ஒரு தடவ பாடிக் காட்டிட்டு வா” என்றார்.

பெரியாச்சி பாட்டாவின் மூத்த அக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. ஐம்பது வருஷமாகச் சுற்றுவட்டத்து எல்லாக் கொடையிலும் வில்லுக்கு முன்னால் முதல் வரிசையில் காலை நீட்டி இருந்து, விடிய விடியக் கண் இமைக்காமல் கதை கேட்டவள். எந்த அண்ணாவி எந்தக் கதையில் எந்த அடியை விழுங்குவான் என்று அவளுக்குத் தெரியும். விழுங்கினால் சும்மா இருக்க மாட்டாள். பாட்டு நடக்கும்போதே, “அதையும் சொல்லிட்டுப் போவும் அண்ணாவி” என்பாள். பேர் பெற்ற அண்ணாவிமாரும் அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் வீசுகோலை எடுப்பார்கள்.

நான் போன நேரம் அவள் அரங்குக்குள் இருந்தாள். புளி எடுத்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று தரையில். “அங்கண நின்னே பாடு, கேக்கும்” என்றாள். நான் நிலைப்படியைத் தாண்டி இருட்டுக்குள் போய் நின்று பாடினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புளியில் கொட்டை இருக்கிறதா என்று விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தாள். பாடி முடித்ததும் கை நின்றது.

“சத்தம் கொள்ளாம். ராகம் கொள்ளாம். பிழை பொறுக்கணும்னு பாடுகியே, அந்தப் பிழையையே பிழையாச் சொல்லலாமா பிள்ளே?”

எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். ‘பிளை’ என்றுதான் என் வாயில் வந்திருக்கிறது. அவள் விளக்கைத் தூக்கித் தன் வாய்க்கு நேரே பிடித்து, நாக்கு மேலண்ணத்தை நோக்கி வளைந்து, தொடாமல் நிற்பதைக் காட்டினாள். வெற்றிலை போட்டுச் சிவந்த நாக்கு. ‘ழ’ என்ற எழுத்தை என் வாழ்நாளில் நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “மழை சொல்லு. வாழை சொல்லு. இனி பிழை சொல்லு.” புளி முழுவதும் எடுத்து முடிக்கும்வரை சொல்ல வைத்தாள். சிரிக்கவே இல்லை. பெயர் எதுவும் வைக்கவில்லை.

கொடையன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் வில்லு தொடங்கியது. காப்பு முடிந்து, குருவடி முடிந்து, அண்ணாவி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு எதிரே ட்யூப்லைட், பூச்சி, முதல் வரிசையில் நீட்டிய இரண்டு கால். பாடினேன். ‘பிழை’ வந்த இடத்தில் நாக்கை வளைத்து அந்த எழுத்தைத் தெளிவாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். நிறுத்திய சந்தோஷத்தில் அடுத்த அடி மறந்து போயிற்று. ஒரு கணம்தான். அண்ணாவி வீசுகோலை ஓங்கி அடித்து, பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போட்டு, என்னை அப்படியே தூக்கிக் கரையில் விட்டுவிட்டார்கள். ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

காலையில் பெரியாச்சி பொங்கல் பானை பக்கத்தில் இருந்தாள். “நாலு அடிய முழுங்கிட்ட. பிழை மட்டும் நல்லாருந்துது” என்றாள்.

அடுத்த வருஷம் இன்னும் இரண்டு கொடையில் பாடினேன். குரல் உடைந்தது. அதோடு சரி.

கல்லூரியில் தமிழ் எடுத்துப் படித்தபோது தொல்காப்பியப் பாயிரம் வந்தது. தொல்காப்பியரோடு படித்த பனம்பாரனார் எழுதியது. தொல்காப்பியம் எங்கே, யார் முன்னால் அரங்கேறியது என்ற தகவலை நமக்குத் தருவது அதுதான். நிலந்தரு திருவிற் பாண்டியன் என்ற அரசனுடைய அவை. கேட்டவர் நான்கு மறையும் கற்றுத் துறைபோன அதங்கோட்டாசான். அதங்கோடு எங்கள் மாவட்டத்தில், விளவங்கோடு பக்கத்தில் இருக்கும் ஊர். அந்த அதங்கோடு இந்த அதங்கோடுதானா என்பதில் புலவர்களுக்குள் வழக்கு உண்டு. ஊர்க்காரர்களுக்கு வழக்கு இல்லை. பக்கத்தில் காப்புக்காட்டில் தொல்காப்பியருக்குச் சிலையும் வைத்தாயிற்று. நாஞ்சில் நாட்டார் நாங்கள் விளவங்கோட்டுக்காரர்களின் பேச்சைக் கொஞ்சம் கேலி செய்வோம், அவர்கள் எங்கள் பேச்சைக் கேலி செய்வார்கள். ஆனால் அதங்கோட்டாசான் விஷயத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே ஊர்.

பாயிரத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் ஒரு கதை இருக்கிறது. ஆசிரியர் அகத்தியருக்கும் மாணவர் தொல்காப்பியருக்கும் மனத்தாங்கல். அகத்தியர் தம் மனைவியை அழைத்துவரத் தொல்காப்பியரை அனுப்புகிறார். நாலு கோல் தூரம் விலகியே வர வேண்டும் என்பது கட்டளை. வையையில் வெள்ளம் அந்த அம்மையாரை இழுக்க, தொல்காப்பியர் ஒரு மூங்கில் கோலை முறித்து நீட்டிக் கரையேற்றுகிறார். கட்டளை மீறியதாக அகத்தியர் சபிக்கிறார், மாணவர் திருப்பிச் சபிக்கிறார். அந்தக் கோபத்தில் அகத்தியர் அதங்கோட்டாசானிடம், இவன் செய்த நூலை நீ கேட்காதே என்று சொல்லிவிடுகிறார். தொல்காப்பியரோ பல தடவை வந்து, நீங்கள் கேட்டே ஆக வேண்டும் என்று நிற்கிறார். கேட்டால் ஆசிரியருக்குக் கோபம். கேட்காவிட்டால் கூடப் படித்தவனுக்கு வருத்தம். அதங்கோட்டாசான் ஒரு வழி கண்டுபிடித்தார். கேட்பது; ஆனால் குற்றம் மட்டும் சொல்வது. அவர் எழுப்பிய கேள்விக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொன்னார். நூல் நிலைத்தது.

வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குப் புளி வாசனை அடித்தது.

கதை நடந்ததா என்று கேட்பவர் கேட்கட்டும். எனக்கு முக்கியம், பதினாலாம் நூற்றாண்டு உரையாசிரியர் ஒருவருக்கு அரங்கேற்றம் என்றால் எது என்பதில் இருந்த தெளிவு. அவர் கதையில் கைதட்டு இல்லை, கேள்வி இருக்கிறது. மூன்று அதிகாரமும் இருபத்தேழு இயலும் கொண்ட ஒரு நூலை, ஆயிரத்து அறுநூறு நூற்பாவை, குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கச்சியப்பர் காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதல் செய்யுளின் முதல் சொல்லிலேயே புணர்ச்சி பிழை என்று நிறுத்திவிட்டதாக ஒரு கதை. வீரசோழியத்தில் அதற்கு விதி காட்டிய பிறகுதான் இரண்டாம் செய்யுளுக்குப் போக விட்டார்களாம். திருவரங்கத்தில் கம்பனுக்கு நேர்ந்த தொல்லைகள் ஊரறிந்தவை. ஆங்கிலச் சொல்லில் இருப்பது ஆட்டக்காரனும் அவனுடைய முதல் அடியும். எங்கள் சொல்லில் ஏறுகிறவனைவிட ஏற்றுகிறவனுக்கு வேலை அதிகம். யாரும் தானாக அரங்கேறிவிட முடியாது.

பிறகு பத்திரிகை வேலைக்கு வந்தேன், துணை ஆசிரியராக. டெபுட்டு என்னைத் துரத்திக்கொண்டே வந்தது. ஏஜென்சிச் செய்தியில் நாளைக்கு நாலு தடவையாவது வரும். ‘அறிமுக வீரர்’, ‘அறிமுக ஆட்டம்’ என்றெல்லாம் போடுவோம். ‘அறிமுகச் சதம்’ என்று ஒருவர் எழுதினார். சதத்தை யாருக்கு அறிமுகப்படுத்துகிறார் என்று கேட்டேன். ‘மெய்டன் ஸ்பீச்’சைக் ‘கன்னிப் பேச்சு’ ஆக்கியவர்களும் உண்டு. எங்கள் ஊரில் கன்னிப்பூ என்றால் கன்னி மாசத்தில் அறுக்கும் நெல், கும்பப்பூ கும்ப மாசத்தில். கன்னிப் பேச்சு என்றால் புரட்டாசியில் பேசியதோ என்று பாட்டா கேட்டிருப்பார். அவர் அப்போது இல்லை.

ஆளுக்கு ‘டெபு’, படத்துக்கு ‘பிரீமியர்’, சரக்குக்கு ‘லாஞ்ச்’, சிலைக்குத் துணி விலக்கும் ‘அன்வெயில்’ என்று ஆங்கிலத்தில் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நமக்கு ஆளும் அரங்கேறுவான், நூலும் அரங்கேறும். தேர் என்றால் வெள்ளோட்டம். சிலையை மட்டும் ‘திறப்போம்’. 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையை முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். 133 அடிச் சிலைக்கு எந்தத் துணியைப் போர்த்தி எப்படி விலக்குவது? சிற்பி கடைசியில் கண் திறப்பதைத்தான் திறப்பு என்று நாம் சொல்லத் தொடங்கினோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சொல்லாராய்ச்சி இல்லை, ஆசைதான்.

ஆனால் என்னைக் கோபப்படுத்துவது வேறு. தொல்காப்பியம் ஏறிய அந்தச் சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் இன்று எதற்குப் பயன்படுத்துகின்றன என்று பாருங்கள். துணிகரக் கொள்ளை அரங்கேறியது. கொடூரக் கொலை அரங்கேறியது. நல்ல காரியத்துக்கு ‘அறிமுகம்’, கழுத்தறுப்புக்கு ‘அரங்கேற்றம்’. என் மேசைக்கு வந்த அந்த ‘அரங்கேறியது’க்களை எல்லாம் அடித்துவிட்டு ‘நடந்தது’ என்று எழுதினேன். மறுநாள் வேறு மேசை வழியாக மறுபடி வரும்.

2008-இல் கலைவாணர் நூற்றாண்டு. ஒழுகினசேரியில் பிறந்தவர், எங்கள் மண்ணின் ஆள். ‘கலைவாணர் அறிமுகமான படம் சதிலீலாவதி’ என்று பெட்டிச் செய்தி போட்டேன். காலையில் ஒரு பெரியவர் போன் செய்தார். பெயர் சொல்லவில்லை. “தம்பி, மொதல்ல நடிச்சது சதிலீலாவதி, அது வந்தது 1936-ல. அதுக்கு முந்தி 35-லயே மேனகா வந்துட்டுல்லா?” என்றார். சரிதான், தவறு என்னுடையது என்றேன். “அது கெடக்கட்டும், ரெண்டுக்கும் முந்தி எங்க ஊருல வில்லுல இருந்து பாடுனாரே, அது எந்தக் கணக்கு?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். எந்தக் கணக்கு என்று எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

சில வருஷம் முன்பு தங்கச்சி மகளுக்கு நாகர்கோவிலில் பரதநாட்டிய அரங்கேற்றம். அழைப்பிதழில் தமிழ்ப் பக்கம் ‘அரங்கேற்றம்’, ஆங்கிலப் பக்கம் ‘டெபு பெர்ஃபார்மன்ஸ்’. வாசலில் பத்தடி பிளெக்ஸ். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருஷம் பயின்று பன்னிரண்டு வயதில் ஏறிய அரங்கின் அளவை இளங்கோ துல்லியமாகச் சொல்கிறார். இருபத்துநாலு பெருவிரல் நீளக் கோலால் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு, தரையின் உயரம் ஒன்று, மேலே உத்தரம் வரை நாலு. அதற்கும் முன்னால் ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழாசிரியன் என்று வரிசையாக ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண் வலது காலை எடுத்து வைக்கிறாள். நாகர்கோவில் மண்டபத்தில் அந்த இடத்தைச் சிறப்பு விருந்தினர் எடுத்துக்கொண்டார். பாதி ஆட்டத்தில் வந்து, மைக் வாங்கி, பார்க்காத மிச்சப் பாதிக்கும் சேர்த்துப் புகழ்ந்துவிட்டுப் பறந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

மூன்றாவது வரிசையில் ஒரு வயதான அம்மா, ஆசிரியைக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை என்றார்கள், தொடையில் விரலால் தாளம் போட்டபடி இருந்தார். வர்ணத்தில் ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றது. மறுபடி தொடங்கியது. பக்கவாட்டில் இருந்ததால் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டுப் பந்தியில் மேக்கப் கலைக்காமல் வந்து பக்கத்தில் இருந்த மருமகள், “மாமா, தேர்ட் ரோல இருந்த டீச்சர் ஒரு எடத்துல தாளத்த நிறுத்திட்டாங்க. பாத்தீங்களா?” என்று கேட்டாள். அன்றைக்கு அவள் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

அடுத்த வாரம் எனக்கு அதங்கோட்டுக்குப் போய்வர வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷம் இதே மாவட்டத்தில் இருந்தும் போனதில்லை. ரப்பரும் வாழையும் மரச்சீனியும் இருபக்கமும் நிற்கும் ரோடு. ஒரு சாயாக்கடையில் இறங்கிச் சாயா சொல்லிவிட்டு, பெஞ்சில் இருந்தவரிடம், “இங்க அதங்கோட்டாசான் பேருல மண்டபம், சிலை ஏதாவது உண்டுமா?” என்று கேட்டேன். அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது போல. எங்கள் மாவட்டத்தின் மேற்கே ஆசான் என்றால் வர்மம் தெரிந்தவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். தோளைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார்.

“எங்க அடி பட்டுது?”

இல்லை, பழைய காலத்து ஆசான், தொல்காப்பியம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் கடைக்காரர் சாயாவை நீட்டியபடி குறுக்கிட்டார்.

“ஆசான் இண்ணு இல்ல சாரே. செவ்வாயும் வெள்ளியும்தான் இருப்பாரு.”